கண்டியில் எங்கே சாப்பிடலாம்: விலைப்பட்டியலுக்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

மலையகத்தில் வாழும் நமக்குக் கண்டி பெரும்பாலும் வேலை நிமித்தம் போகும் நகரம். தேசிய வைத்தியசாலையில் கிளினிக், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையைப் பார்ப்பது, இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் ஒரு கையெழுத்து, கலியாணப் பட்டு எடுப்பது என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஹட்டனிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போகிறோம். வேலை முடியும்போது பசி காதை அடைத்துவிடுகிறது. முதலில் கண்ணில் படும் கடைக்குள் நுழைந்து, மிஞ்சிக் கிடப்பதைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு நல்ல சாப்பாடு இல்லையே என்று சலித்துக்கொண்டு திரும்புகிறோம். மத்திய மாகாணத்தின் தலைநகரமும், 1815 வரை ஓர் இராசதானியின் தலைநகரமுமாக இருந்த ஊரைப் பற்றி இப்படி ஒரு பெயர் பரவியிருப்பது நியாயமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு நகரத்தின் உணவகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றை மலிவானவை, நடுத்தரமானவை, விலை கூடியவை என்று மூன்றாகப் பிரித்துவிடுவது வழக்கம். கையிலிருக்கும் பணத்துக்கு ஏற்ற வரிசையில் நின்றால் போதும் என்ற நம்பிக்கை அந்தப் பிரிவுக்குள் இருக்கிறது. கண்டிக்கு அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. சில நூறு ரூபாவுக்கு வாங்கும் சோற்றுப் பார்சல் நகரத்திலேயே மிகச் சிறந்த சாப்பாடாக இருக்கும் ஒரு வேளை உண்டு. அதே பார்சலை இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து வாங்கினால் பாதிக்கு மேல் உள்ளே இறங்காது. பல ஆயிரம் ரூபா கொடுத்து உட்காரும் இடங்களுக்கும் இதே விதி செல்லும். விலை கூடக்கூட நாற்காலியும் மேசை விரிப்பும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியும் மாறுகின்றன. ருசியைத் தீர்மானிப்பது நீங்கள் எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்கள் என்பதுதான்.

காரணம் சமையலறையின் ஒழுங்கில் இருக்கிறது. சோற்றுக் கடைகளில் கறிகளைக் காலையில் ஒரே தடவைதான் சமைக்கிறார்கள். பதினொன்றரை மணியளவில் எல்லாச் சட்டிகளும் முன்னுக்கு வந்துவிடும். ஒன்றரை மணிக்கு மேல் பருப்பில் வெந்நீர் சேரும், மீன் கறியில் துண்டு தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும், கீரையைத் தேங்காய்ப்பூவோடு வதக்கிய மல்லுங் கறுக்கும். கொத்து ரொட்டிக்கான இரும்புத் தட்டு மாலையில்தான் சரியாகச் சூடேறுகிறது. அப்பத்துக்கான மா புளித்துப் பக்குவமாகி அடுப்புக்கு வருவதும் மாலையில்தான். தோசைக்கு இரண்டு வேளை உண்டு, காலையும் மாலையும். இடையில் கேட்டால் ஆறிப்போன கல்லை அவசரமாகச் சூடாக்கி ஏதோ ஒன்றைச் சுட்டுத் தருவார்கள். இன்று பெரிய கடைகளில் எல்லாமே எல்லா நேரமும் கிடைக்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் கிடைப்பதற்கும் நன்றாகக் கிடைப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தைச் சாப்பிடுகிறவர்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

விலையைப் பற்றி ஒரு சொல். 2022 இன் நெருக்கடியில், அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. சமையல் எரிவாயு கிடைக்காமல் பல சிறிய கடைகள் அடுப்பையே மூடின. அதன்பின் ஏற்ற வேகம் தணிந்தாலும், ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. ஆகவே ஒவ்வொரு உணவுக்கும் எதிரே ஒரு தொகையை நான் எழுதி, நீங்கள் போகும் நாளில் அது பொய்யாவதை விரும்பவில்லை. ஆயிரம் ரூபாவுக்குள் ஒருவர் வயிறாரச் சாப்பிடக்கூடிய இடம், குடும்பமாகப் போனால் சில ஆயிரம் ஆகும் இடம், ஒருவருக்கே பல ஆயிரம் வைக்க வேண்டிய இடம் என்ற அளவில் புரிந்துகொண்டால் போதும்.

காலையில் கண்டிக்கு வந்து இறங்குகிறவர்கள் சைவக் கடையைத் தேடுவதே உத்தமம். டீ.எஸ். சேனாநாயக்க வீதி என்று இன்று பெயர்ப்பலகையில் இருக்கும் பழைய திருகோணமலை வீதியும் அதையொட்டிய தெருக்களும் நம்மவர்களின் வியாபாரம் நெடுங்காலமாக நடந்துவரும் பகுதி. புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் நடுவே காலையில் சாம்பார் வாசனை வரும் திசையில் நடந்தால் போதும். அங்கே உள்ள பாலாஜி தோசை, சைவ உணவுக்குப் பெயர் பெற்றது. இந்தியப் பாணியில் மெல்லியதாக, ஓரம் மொறுமொறுப்பாகச் சுடுகிறார்கள், மசாலாத் தோசையும் நெய்த் தோசையும் அவர்களுடைய பலம். வெளிநாட்டுப் பயணிகளும் அந்தக் கடையை நன்றாக அறிந்து வைத்திருப்பதால் நடுப்பகலில் இடம் பிடிப்பது சிரமம். காலை எட்டு மணியளவில் போனால் நிம்மதியாக உட்காரலாம், சட்னியும் அப்போதுதான் அரைத்ததாக இருக்கும்.

நான் சொந்த விருப்பத்தில் அதைவிடச் சிறிய, பெயர்ப்பலகையே மங்கிப்போன சைவக் கடைகளின் தடித்த தோசைக்கு ஒரு படி கூடுதலாக மதிப்புக் கொடுப்பேன். நம் வீடுகளில் சுடுவது போல மெத்தென்று, நடுவில் துளைகள் விழுந்து, மேலே ஊற்றும் சாம்பாரையும் செத்தல் மிளகாய் போட்டு இடித்த சம்பலையும் உறிஞ்சிக்கொள்ளும் தோசை அது. அத்துடன் ஓர் உளுந்து வடையும் ஒரு பிளேன்டீயும் சேர்த்தாலும் ஐந்நூறு ரூபாத் தாளில் மிச்சம் வாங்கலாம் என்றே எண்ணுகிறேன். இடியாப்பம் வேண்டுமானால் ஏழு மணிக்கு முன்போ பின்போ என்று பாராமல், தட்டில் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். இடியாப்பம் ஆறிவிட்டால் எந்தச் சொதியாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

சைவம் கட்டாயமில்லாதவர்களுக்குத் தலதா வீதி இருக்கிறது. அங்கே டெவன் நிறுவனத்தின் பேக்கரியும் உணவகமும் காலையிலேயே திறந்துவிடும். கண்டிக்கு வரும் குடும்பங்கள் கூடும் இடம் என்று அதைச் சொல்லலாம். பிள்ளைக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று வெவ்வேறு ஆசைகளை ஒரே மேசையில் நிறைவேற்றும் வசதி அதற்கு உண்டு. பேக்கரிப் பகுதியில் ரோல்ஸ், பட்டிஸ், மாலு பனிஸ் போன்றவை காலையில் வெளிவரும் முதல் தட்டிலேயே சிறந்தவை. பொதுவாக, எண்ணெயில் பொரித்த எதையும் பதினொரு மணிக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் கடந்து போய்விடுவது நல்லது.

சிறிய கடைகளில் நீங்கள் கேட்காமலே ரோல்ஸும் வடையும் கட்லட்டும் நிறைந்த ஒரு தட்டை மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள் என்பதும், சாப்பிட்டதற்கு மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு மீதியை அடுத்த மேசைக்குக் கொண்டுபோவார்கள் என்பதும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. வசதியான வழக்கம்தான், ஆனால் அந்தத் தட்டு எத்தனை மேசைகளைச் சுற்றி வந்திருக்கிறது என்பதை யாரும் சொல்லப் போவதில்லை. சூடாக இருப்பதை மட்டும் தனித் தட்டில் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உணவகங்களைப் பரிசோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். தரச் சான்றிதழ் வழக்கமாகக் காசாளரின் பின்னால் உள்ள சுவரில் தொங்கும். உட்காருவதற்கு முன் அதன் மீது ஒரு பார்வை வைக்கலாம்.

நடுப்பகல் உணவுதான் கண்டியின் உண்மையான செல்வம். மத்திய சந்தையைச் சுற்றியும், ரயில் நிலையத்தின் அருகிலும், பேராதனை வீதி நெடுகிலும் உள்ள சிங்களச் சோற்றுக் கடைகளில் ஒரு தட்டுச் சோற்றுடன் வரும் மரக்கறிகளைக் கவனியுங்கள். பலாப்பிஞ்சை வறுத்த மசாலாவும் தேங்காய்ப் பாலும் சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்த பொலோஸ், கொஹிலக் கிழங்கு, சாம்பல் வாழைக்காய்ப் பிரட்டல், வல்லாரை அல்லது கங்குன் மல்லுங், பக்கத்தில் ஒரு பப்படம் என்று வரும் அந்தத் தட்டுக்கு ஈடான ஒன்றை நட்சத்திர ஹோட்டலின் புஃபேயில் நான் கண்டதில்லை. பலாவும் கித்துளும் மலைச்சரிவுத் தோட்டங்களில் தாமாகவே வளரும் இந்தப் பகுதியில் அவற்றைச் சமைக்கும் கைப்பக்குவம் வீடுகளிலிருந்து கடைகளுக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு முன்பே போங்கள். அலுவலகங்களிலிருந்து பார்சல் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கும் கடையே நல்ல கடை. வரிசை கலைந்த பிறகு அதே கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் வித்தியாசம் குறைந்துவிடும்.

வெள்ளிக்கிழமையோ விரத நாளோ சைவம் காக்கிறவர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மரக்கறிச் சாப்பாடு என்று கேட்டால் மீனும் இறைச்சியும் இல்லாத தட்டு வரும், ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் மல்லுங்கிலும் சில வேளை பருப்பிலும்கூட மாசி என்ற உலர்ந்த மீனை இடித்துப் போட்டிருப்பார்கள். சிங்களச் சமையலில் மாசி ஒரு தாளிதப் பொருளைப் போன்றது. அதைப் போட்டதால் அந்தக் கறி மீன் கறி ஆகிவிடாது என்று கடைக்காரர் மனதார நம்புகிறார், ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆகவே மரக்கறியா என்று மட்டும் கேட்காமல், மாசி போட்டதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விரதம் மிகவும் முக்கியமானால் சைவக் கடையின் மதியச் சாப்பாட்டோடு நின்றுகொள்வதே பாதுகாப்பு. கட்டுக்கலை செல்வ விநாயகர் ஆலயத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பேராதனைப் பக்கம் வேலை இருப்பவர்கள் கன்னொறுவையில் உள்ள ஹெல போஜுன் ஹலவைத் தவறவிடக் கூடாது. விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் தத்தம் சிறிய கடைகளில் நம் கண்ணெதிரிலேயே சமைத்துத் தரும் இடம் அது. குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, கந்த இலையில் மடித்து அவித்த ஹலப, இடியாப்ப மாவுக்குள் தேங்காய்ப் பூவும் பாணியும் வைத்த லவரியா, வடை, பழச்சாறு ஆகியவை கிடைக்கும். உள்ளூர்த் தானியங்களையும் கிழங்குகளையும் மக்கள் மறுபடி சாப்பிட வைப்பது இந்தத் திட்டத்தின் நோக்கம். அரசாங்கத்தின் நோக்கங்கள் பெரும்பாலும் சுவரொட்டியோடு முடிந்துபோவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இது ஒன்றாவது தட்டில் வந்து சேர்ந்திருப்பதில் மகிழ்ச்சி. நீரிழிவுக்காரர்களை அழைத்துக்கொண்டு கண்டி வைத்தியசாலைக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சிற்றுண்டி நகரத்துக்குள் கிடைப்பது அரிது. ஆடம்பரமான இருக்கைகளை எதிர்பார்க்காதீர்கள். காலையிலும் மாலை மூன்று நான்கு மணியளவிலும் சூடான பண்டங்கள் அதிகம். செலவு மிகக் குறைவு.

கண்டி சிட்டி சென்டரின் மாடியில் உள்ள உணவுப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மழை நாளில், சிறு பிள்ளைகளுடன், சுத்தமான கழிவறையும் தேவைப்படும்போது அது கைகொடுக்கும். சாப்பாடு அளவாக இருக்கும். நினைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையுள்ள நேரம் கண்டியில் சாப்பாட்டுக்கு ஏற்ற நேரமல்ல, குடிப்பதற்கான நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது தேநீரையும் கோப்பியையும். தலதா மாளிகைக்கு அருகில் உள்ள தெருவில், பழைய கட்டடமொன்றில் இயங்கும் எம்பயர் கஃபேயும் அதே சுற்றிலுள்ள நெச்சுரல் கொஃபியும் இதற்கு ஏற்றவை. இரண்டும் பிளேன்டீக் கடையைவிடப் பல மடங்கு விலை கூடியவை. நிழலும் அமைதியும் உட்கார்ந்து பேசும் உரிமையும் அந்த விலைக்குள் அடங்குகின்றன. இந்த மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பிதான் இருந்தது, 1869 இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் அதை அழித்த பிறகுதான் எல்லாச் சரிவுகளும் தேயிலை ஆயின, நம் முன்னோர் முதலில் நடந்துவந்தது கோப்பிப் பழம் பறிக்கத்தான் என்பதை அறிந்தவர்கள், உள்ளூர்க் கோப்பி ஒரு கோப்பை குடிப்பதற்கு அந்த விலையை ஒரு தடவையாவது கொடுக்கலாம்.

தேநீருக்கு ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்குப் போகலாம். 1925 இல் கட்டப்பட்ட தொழிற்சாலையை நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். மேல்மாடியில் தேநீர் அருந்தும் இடம் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் பிறந்த நம்மில் பலர், தரம் பிரித்துப் பொதி செய்து ஏற்றுமதியாகும் தேயிலையை நிதானமாகக் குடித்துப் பார்த்ததே இல்லை. வீட்டிலும் கடையிலும் நமக்குப் பழக்கமானது தூள் தேயிலையின் கடுப்பு. மேகம் இறங்குவதற்கு முன், அதாவது மூன்று மணிக்குள் மேலே போய்விட வேண்டும். முச்சக்கரவண்டிக்குப் போக வரப் பேசி ஏறுங்கள், இறங்கும்போது அங்கே வண்டி கிடைப்பது கடினம்.

மாலை ஐந்தரை மணியானதும் தலதா வீதிக்குத் திரும்பலாம். கண்டி முஸ்லிம் ஹோட்டலின் கொத்து ரொட்டிக்கு அறிமுகம் தேவையில்லை. அந்த வீதியால் போகிறவர்களுக்குக் கண்ணுக்கு முன் காதுதான் கடையைக் காட்டிக்கொடுக்கும். கொத்தின் ருசி எங்கே உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் நல்லதைக் கண்டுபிடிக்கலாம். அன்று பிற்பகல் தட்டிய ரொட்டியாக இருக்க வேண்டும், பழையதானால் கொத்தும்போது உதிர்ந்து மாவாகும். வெங்காயமும் லீக்ஸும் கரட்டும் முட்டையும் தட்டில் பாதி வெந்த பிறகே ரொட்டி சேர வேண்டும். கடைசியில் ஊற்றும் கறிக்குழம்பு, ரொட்டியை ஈரமாக்காமல் நிறமேற்றும் அளவோடு நிற்க வேண்டும். ஆட்கள் நெருக்கியடிக்கும் வேளையில் தட்டு இடைவிடாமல் சூடாக இருப்பதால் இவையெல்லாம் தாமாகவே நடக்கின்றன. ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் கடையில், மூன்று மணிக்குக் கேட்கும் கொத்து வெந்நீரில் நனைத்த பாணைப் போல வருவதற்கும் அதுவே காரணம்.

முழுக் கொத்து ஒன்று இருவருக்குத் தாராளமாகப் போதும் என்பதால், குடும்பமாகப் போகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டு மிச்சம் வைக்க வேண்டாம். சீஸ் கொத்து இளைஞர்களுக்குப் பிடிக்கும், எனக்கு அது கறியின் காரத்தை மூடிவிடுவதாகப் படுகிறது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி என்று சொல்லும்போதே குழம்பும் கோழிக்குழம்பாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் சில கடைகளில் எல்லாக் கொத்துக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் குழம்பு ஊற்றுவார்கள். தமிழில் தயங்காமல் கேட்கலாம்; அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட்டுச் சொன்னால் நம் வீட்டுச் சமையற்காரரைப் போலக் கேட்டுக்கொள்வார்கள். முடிவில் ஒரு வட்டிலப்பம், இருந்தால், பலூடாவைவிட நல்ல தெரிவு.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்று, தமிழ் பேசும் பரிமாறுபவர்கள் நகரத்தில் எத்தனையோ பேர் இருந்தும், விலைப்பட்டியலைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று நடுத்தர, உயர்தர உணவகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் தோன்றவில்லை. தோட்டத்திலிருந்து வரும் வயதானவர்கள் ஆங்கிலப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து மேசையைச் சுட்டிக்காட்டி உணவு சொல்வதைப் பார்க்க நன்றாக இல்லை. அவர்களிடம் வாங்கும் பணம் எந்த மொழியில் அச்சிட்டதாக இருந்தாலும் செல்லுபடியாகிறதே.

இனிப் பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு. ஒரு திருமண நாள், பிள்ளையின் பட்டமளிப்பு, வெளிநாட்டிலிருந்து வந்த தம்பியின் விருந்து போன்ற நாட்களில் கண்டியின் பெரிய ஹோட்டல்களுக்குப் போவதில் தவறில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் மனம் நோகாது. முதலில் கணக்கு. பட்டியலில் 5000 ரூபா என்று இருக்கும் உணவின் மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அந்தத் தொகையின் மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் சேர்ந்தால் 6490 ரூபா ஆகும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய ஆறாயிரம். விலை எல்லாம் உட்பட்டதா என்று முன்கூட்டியே கேட்பது நம் உரிமை.

தலதா மாளிகைக்கு எதிரே, வாவியின் ஓரத்தில் நிற்கும் குயின்ஸ் ஹோட்டல் ஆங்கிலேயர் காலத்து உயரக் கூரையும் மரத்தளமும் கொண்டது. அங்கே உணவைவிடக் கட்டடம்தான் விருந்து என்பது என் கருத்து. ஆகவே முழு இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் பிற்பகல் தேநீருக்குப் போனால் குறைந்த செலவில் அதே கூரையின் கீழ் உட்கார்ந்துவிடலாம். மகாவலி ஆற்றின் கரையில் உள்ள மகாவலி ரீச், சினமன் சிட்டடல் ஆகியவை பெரிய புஃபே விருந்துகளுக்கு ஏற்றவை. புஃபேயிலும் நேரமே எல்லாம்: திறந்த அரை மணித்தியாலத்துக்குள் போகிறவர், மூடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் போகிறவர் இருவரும் ஒரே பணத்தைக் கொடுத்து இரண்டு வேறு சாப்பாடுகளைச் சாப்பிடுகிறார்கள். பாஸ்தாவும் பொரித்த சோறும் வயிற்றை நிரப்புவதற்காக முன்னால் வைக்கப்பட்டவை. அவற்றைக் கடந்து, மண்சட்டியில் வைத்திருக்கும் உள்ளூர்க் கறிகளுக்கும், உடனுக்குடன் அப்பம் சுட்டுத் தரும் மூலைக்கும், கடைசியில் எருமைத் தயிருக்கும் கித்துள் பாணிக்கும் போங்கள்.

ஹந்தானை மலைப்பக்கத்தில் உள்ள தேவா ரெசிடென்சி சிறிய ஹோட்டல், தட்டில் உணவை அடுக்கும் விதத்தில் மேல்நாட்டு நேர்த்தி தெரியும் இடம், கண்டியைச் சூழ்ந்த மலைகளைப் பார்த்தபடி சாப்பிடலாம். முன்பதிவு அவசியம். இங்கே போகிறவர்கள் இரவு எட்டு மணிக்கு மேசை கேட்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். காட்சிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம், இருட்டிய பிறகு கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். ஐந்தரை மணிக்குப் போய், வெளிச்சம் இருக்கும்போது உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

வாவியைப் பார்த்த மாடிகளில் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் நடுத்தர உணவகங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில், மதியச் சோற்றை மாலையில் நுண்ணலை அடுப்பில் சூடாக்கிக் கொண்டுவந்து, கேட்டபோது இது புதிதாகச் சமைத்தது என்று முகம் மாறாமல் சொன்னார்கள். பில்லில் சேவைக் கட்டணமும் இருந்தது. வாவியைச் சுற்றி நடப்பதற்குக் கட்டணம் இல்லை. நடந்துவிட்டு, பசியை நகரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பலவும் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் அவற்றை நம்ப வேண்டாம், ஆனால் மாலையில் நோன்புக் கஞ்சியும் சூடான சமோசாவும் கிடைக்கும் அந்த வேளைக்காகவே வரலாம். போயா எனும் பௌர்ணமி தினங்களில் மதுவும் இறைச்சி விற்பனையும் இல்லாததால் சில உணவகங்களின் பட்டியல் பாதியாகச் சுருங்கும். தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் ஆடி, ஆவணி நாட்களில் மாலைக்குப் பின் வீதிகள் அடைபடும், வாவியோரத்தில் விலைகள் ஏறும். அப்போது நகர மத்தியை விட்டு விலகி, பேராதனைப் பக்கமோ கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ சாப்பிடுவது புத்திசாலித்தனம்.

கண்டி பெரிய நகரம்தான், ஆனால் சீக்கிரம் தூங்கும் நகரம். இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும், அதற்கு முன்பே மலைப்பக்கம் போகும் பஸ்களும் குறைந்துவிடும். ஆகவே நம்மில் பலருக்கு இரவுச் சாப்பாடு பார்சலாகத்தான் கைக்கு வருகிறது. வழியில் சாப்பிடுவதானால் கொத்து வாங்குங்கள், முதல் அரை மணித்தியாலத்துக்குள் பிரித்துவிடுங்கள், பொதிக்குள் ஆவி அடைபட்டால் அது பிசினாகும். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் ரொட்டியும் கோழிக்கறியும் வாங்கி, குழம்பை வேறு பையில் இறுக்கிக் கட்டித் தரும்படி நின்று கேட்டு வாங்குங்கள். ஒன்றாகக் கட்டிவிட்டால் கம்பளையைத் தாண்டும்போதே ஊறி, ஹட்டனில் இறங்கும்போது கரண்டியால் அள்ள வேண்டியிருக்கும்.